பள்ளிக் கட்டடச் சான்றிதழ் இணைப்பு: இரு நிர்வாகக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

பள்ளிக் கட்டடங்களுக்கான பசுமைச் சான்றிதழ்த் திட்டத்தின் நிர்வாகக் குழுவினருக்கும், அத்திட்டத்தைத் தம்மோடு இணைத்துக்கொள்ள முன்வந்திருக்கும் பெரிய அமைப்பின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

இத்திட்டத்தின் அளவுகோல் குழுவில் ஒன்பது ஆண்டுகள் ஊதியமில்லா உறுப்பினராகவும், அதற்கு முன்பும் பின்பும் பள்ளிக் கட்டடங்களை நேரில் சென்று அளந்து பார்க்கும் மதிப்பீட்டாளராகவும் பணியாற்றியவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். இணைப்பு வேண்டாம் என்று வாதிடுவது என் நோக்கமன்று. ஒரு விண்ணப்பத்தைப் படித்து முடிப்பதற்குள் அந்தப் பள்ளியில் திறப்பு விழாவே நடந்து முடிந்துவிடும் அளவுக்கு நம் சிறிய அலுவலகம் ஆள் பற்றாக்குறையால் திணறுவதை நான் உள்ளிருந்து பார்த்திருக்கிறேன். மென்பொருள், பயிற்சி, தணிக்கை, சட்ட ஆலோசனை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கையேந்தி நிற்கும் ஒரு திட்டம், அவை யாவும் ஏற்கெனவே கைவசம் உள்ள ஓர் அமைப்போடு சேர்வது இயல்பானதே. சேரும்போது எதையெல்லாம் சிதையாமல் கொண்டு செல்ல வேண்டும் என்பதை மட்டும் இருதரப்பும் இன்னும் மனம்விட்டுப் பேசவில்லை என்று அஞ்சுகிறேன்.

உறுப்பினர்களின் பார்வைக்கு அனுப்பப்பட்ட வரைவுச் சுருக்கத்தில், பள்ளிகளுக்கென்று நாம் வைத்திருக்கும் தேவைகள் பெரிய அமைப்பின் பொது அளவுகோலுக்குள் புள்ளிகளாகச் சேர்க்கப்படும் என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. பெயர், சின்னம், கட்டணம், பணியாளர்களின் நிலை ஆகியவை பற்றியெல்லாம் பக்கம் பக்கமாகப் பேசும் அச்சுருக்கம், இதை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. என் மடல் முழுவதும் அந்த ஒரு வரியைப் பற்றியதுதான்.

சான்றிதழ்த் துறையில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை என்றாலும், இம்மடலைப் படிக்கவிருக்கும் ஆசிரியர்களுக்காகவும் பெற்றோருக்காகவும் சொல்கிறேன். பெரும்பாலான பசுமைக் கட்டட அளவுகோல்களில் இரண்டு வகை விதிகள் உண்டு. ஒன்று கட்டாய நிபந்தனை. அதை நிறைவேற்றாத கட்டடம் மற்ற எல்லாவற்றிலும் சிறந்து விளங்கினாலும் சான்றிதழ் பெறாது. மற்றொன்று புள்ளி, விரும்பினால் முயலலாம், இல்லையென்றால் விட்டுவிட்டு வேறிடத்தில் ஈடுகட்டிக்கொள்ளலாம். உலகில் பரவலாக அறியப்பட்ட, அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் லீட் சான்றிதழ் முறையையே எடுத்துக்கொண்டால், மொத்தம் 110 புள்ளிகளில் 40 பெற்றாலே அடிப்படைச் சான்றிதழ் கிடைத்துவிடும். 50 என்றால் வெள்ளி, 60 என்றால் தங்கம், 80 என்றால் பிளாட்டினம். அதாவது தங்கப் பலகை மாட்டியிருக்கும் ஒரு கட்டடம் 50 புள்ளிகளைத் தொடாமலேயே விட்டிருக்கலாம். இது அந்த முறையின் குறையன்று. பல்வேறு பருவநிலைகளிலும் பல்வேறு பயன்பாடுகளுக்கும் எழும் கட்டடங்களை ஒரே அளவுகோலால் அளக்க வேண்டுமானால் இந்த நெகிழ்வு தேவை. எனினும், எதை நெகிழ்வுக்கு விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கட்டுமானச் செலவு கைமீறத் தொடங்கும் நாளில் என்ன நடக்கும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஆலோசகர் எக்செல் தாளைத் திறந்து, எந்தப் புள்ளி மலிவாகக் கிடைக்கும் என்று பார்ப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வேலைக்குத்தான் அவருக்குச் சம்பளம். சைக்கிள் நிறுத்துமிடம் அமைப்பதற்கு ஒரு புள்ளி, வகுப்பறைகளின் சுவரையும் உட்கூரையையும் காற்றுக் குழாய்களையும் மாற்றியமைப்பதற்கு ஒரு புள்ளி என்று எதிரெதிரே வைத்தால், எது தேர்ந்தெடுக்கப்படும் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

பள்ளியை ஒரு சின்ன அலுவலகமாகக் கருதிக்கொள்வதில்தான் பெரும்பாலான பிழைகள் தொடங்குகின்றன. காற்றோட்டத்துக்கு உலகெங்கும் எடுத்தாளப்படும் ஆஷ்ரே (அமெரிக்கக் காற்றுப்பதனப் பொறியாளர் சங்கம்) 62.1 தரத்தின்படி, ஒன்பது வயதும் அதற்கு மேலும் ஆன மாணவர்களின் வகுப்பறைக்கு ஒருவருக்கு விநாடிக்கு 5 லிட்டரும், தரைப்பரப்பில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 0.6 லிட்டரும் வெளிக்காற்று வேண்டும். அலுவலகத்துக்கு இந்த அளவுகள் 2.5 லிட்டரும் 0.3 லிட்டரும் மட்டுமே. 60 சதுர மீட்டர் அறையில் 30 பேர் உட்கார்ந்தால் 150, தரைக்கு 36, ஆக விநாடிக்கு 186 லிட்டர். அதே அளவுள்ள அலுவலக அறையில் வழக்கமாக மூன்று பேர் இருப்பார்கள். அங்கே தேவைப்படுவது ஏறத்தாழ 25 லிட்டர். ஒரே அளவுள்ள இரண்டு அறைகளில் ஒன்றுக்கு மற்றொன்றைவிட ஏழு மடங்கு காற்று வேண்டியிருக்கிறது. அவ்வளவு காற்றைத் தள்ளும் இயந்திரம் சத்தம் போடும். சத்தம் போடாமல் தள்ள வேண்டுமானால் குழாய் அகலமாக இருக்க வேண்டும், காற்று மெதுவாகச் செல்ல வேண்டும், விசிறி வகுப்பறைக்கு வெளியே இருக்க வேண்டும். இவையெல்லாம் வரைபடக் கட்டத்திலேயே முடிவாக வேண்டியவை. கட்டி முடித்த பிறகு சேர்க்க முடியாதவை.

சத்தத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. 2002இல் வெளியான ஏஎன்எஸ்ஐ (அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனம்) எஸ்12.60 என்னும் வகுப்பறை ஒலித்தரம், ஆள் இல்லாத சாதாரண வகுப்பறையில் பின்னணிச் சத்தம் 35 டெசிபலுக்கு மிகாமலும், எதிரொலி அடங்கும் நேரம் 0.6 விநாடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்கிறது. 35 என்பது போகிற போக்கில் எழுதிய எண்ணன்று. ஆசிரியர் தொண்டையைச் சிரமப்படுத்தாமல் பேசும் குரல் பின் வரிசைக்குச் சென்று சேரும்போது ஏறத்தாழ 50 டெசிபலாகக் குறைந்திருக்கும். குழந்தை அதைத் தெளிவாகப் பிரித்துக் கேட்க வேண்டுமானால் குரல், சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபலாவது மேலே நிற்க வேண்டும். பெரியவர்கள் ஒரு சொல்லின் பாதி காதில் விழாவிட்டாலும் மீதியை ஊகித்துக்கொள்வார்கள். அந்தச் சொல்லையே வாழ்க்கையில் முதன்முறையாகக் கேட்கும் குழந்தையால் அது முடியாது.

இந்த இரண்டு கணக்குகளும் எங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன என்பதை நான் ஒரு நாளில் கற்றுக்கொண்டேன். பொது அளவுகோல் ஒன்றின் கீழ்ச் சான்றிதழ் பெற்று, நுழைவாயிலில் கண்ணாடிப் பலகையும் மாட்டியிருந்த ஒரு புதிய பள்ளிக்கு அழைக்கப்பட்டிருந்தேன். காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன், ஐந்தாம் வகுப்பு அறையின் பின் வரிசையில், உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையின் காது உயரத்தில் ஒலி அளவியை வைத்தேன். சன்னலின் கீழே பொருத்தியிருந்த காற்று இயந்திரம் ஓடும்போது அளவி 49 காட்டியது. மணி அடித்தது, பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள், ஆசிரியை உள்ளே வந்து வணக்கத்தை ஏற்றுக்கொண்டு, புத்தகத்தை மேசைமேல் வைக்கும் அதே அசைவில், திரும்பிக்கூடப் பார்க்காமல், கையை நீட்டி இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தார். பல மாதப் பழக்கம் அந்தக் கையில் தெரிந்தது. இடைவேளையில் ஏன் என்று கேட்டேன். “இது ஓடினால் பின் பெஞ்சுக்குக் கேட்காது சார். பாடம் நடத்தும்போது அணைத்துவிடுவேன், எழுத்து வேலை கொடுக்கும்போது போட்டுவிடுவேன்” என்றார். போட மறந்துவிடும் நாள்களும் உண்டு என்று சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார். மின்சாரத்தைச் சேமிப்பதற்காகச் சன்னல்கள் திறக்க முடியாதபடி அடைக்கப்பட்டிருந்தன. பாடவேளை தொடங்கும்போது 650 பிபிஎம் (பத்து லட்சத்தில் 650 பங்கு) இருந்த கார்பன் டை ஆக்சைடு, ஐம்பது நிமிடம் கழித்து மணி அடிக்கும்போது 2,100ஐத் தாண்டியிருந்தது. வெளிக்காற்றில் அது 420 அளவில்தான் இருக்கும். அந்த வாயு அந்த அளவில் நஞ்சென்று நான் சொல்லவில்லை; அறையில் இருப்பவர்கள் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம். கடைசிப் பத்து நிமிடங்களில் கொட்டாவிகளை எண்ணுவதற்குக் கருவி தேவைப்படவில்லை.

அந்தக் கட்டடத்தின் கோப்பைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். காற்றின் அளவு வடிவமைப்பில் சரியாக இருந்தது. மின்சாரச் சிக்கனத்துக்கு நல்ல புள்ளிகள் கிடைத்திருந்தன. ஒலி தொடர்பான புள்ளி முயலப்படவில்லை, அவ்வளவுதான். யாரும் விதியை மீறவில்லை, யாரும் பொய் எழுதவில்லை. கோப்பில் காற்று ஓர் அத்தியாயம், ஒலி வேறோர் அத்தியாயம். வகுப்பறையில் இரண்டும் ஒரே சுவிட்சில் இருந்தன.

நமது திட்டத்தில் வகுப்பறை ஒலியும் காற்றோட்டமும் இரண்டுமே கட்டாய நிபந்தனைகளாக, ஒன்றையொன்று சுட்டிக்காட்டும்படி எழுதப்பட்டிருப்பதன் காரணம் இதுதான். இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்போதே ஒலியை அளக்க வேண்டும் என்றொரு சிறு வாக்கியம் அதில் இருக்கிறது. அந்த வாக்கியத்துக்காகக் குழுவில் இரண்டு கூட்டங்கள் சண்டை போட்டோம். பொது அளவுகோலுக்குள் புள்ளிகளாகப் பிரித்துச் சேர்க்கும்போது முதலில் காணாமற்போவது அதுவாகத்தான் இருக்கும்; கெட்ட எண்ணத்தால் போகாது, அதை வைப்பதற்கு அங்கே இடம் இருக்காது என்பதால் போகும்.

பெரிய அமைப்புக்குள் சென்றால் இப்படித்தான் ஆகும் என்று விதியில்லை. லீட் முறையிலேயே 2007இல் பள்ளிகளுக்கென ஒரு தனி வடிவம் வந்தபோது, குறைந்தபட்ச ஒலித்தரம் அதில் கட்டாய நிபந்தனையாக வைக்கப்பட்டது. 2013இல் நான்காம் பதிப்பு வந்து எல்லா வகைப் புதுக் கட்டடங்களும் ஒரே குடைக்குள் கொண்டுவரப்பட்ட பிறகும், பள்ளிகளுக்கு ஒலித்தரமும் மனையின் மாசு பற்றிய முன்னாய்வும் கட்டாயமாகவே நீடித்தன. எல்லை எண்களில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. அந்த முடிவில் இல்லை. இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. நிலப்பரப்பு வடிவமைப்புக்கான சைட்ஸ் என்னும் மதிப்பீட்டு முறையை, லீட் சான்றிதழ்களை வழங்கும் ஜிபிசிஐ அமைப்பு 2015இல் தன்வசம் எடுத்துக்கொண்டது. நிலவடிவமைப்பாளர் சங்கமும் ஒரு பல்கலைக்கழக ஆய்வு மையமும் தாவரவியல் தோட்டமும் சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய அம்முறை, பெரிய வீட்டுக்குள் சென்ற பின்னும் தன் பெயரோடும் தன் அளவுகோலோடும் தனியாகவே இயங்கிவருகிறது. ஆகவே நான் கேட்பது முன்மாதிரி இல்லாத ஒன்றன்று.

நான் கேட்பது இதுவே. நமது திட்டத்தில் இன்று கட்டாயமாக உள்ள நிபந்தனைகளின் பட்டியலை இணைப்பு ஒப்பந்தத்தின் உடலிலேயே எழுதுங்கள். பின்னிணைப்பில் போட்டால் அடுத்த திருத்தத்தில் உதிர்ந்துவிடும். அப்பட்டியலில் ஒன்றைத் தளர்த்த வேண்டுமானால், பள்ளிகளுக்கான தனிக் குழுவின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் இருந்தால்தான் முடியும் என்ற விதியும் உடன் இருக்கட்டும். இறுக்குவதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும்.

தனிக் குழு என்று நான் சொல்வது கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும் மட்டும் அடங்கிய குழுவை அன்று. நம் குழுவில் ஒரு பள்ளியின் பராமரிப்புப் பொறுப்பாளர் இருந்தார். பெரும்பாலும் பேச மாட்டார். தேநீர் இடைவேளையில்கூட ஓரமாகத்தான் நிற்பார். நுண்தூசியையும் பிடிக்கும் மெர்வ் 13 தரமுள்ள காற்று வடிகட்டிகளைக் கட்டாயமாக்குவது பற்றி நாங்கள் ஒரு முழுக் காலை நேரத்தையும் செலவழித்த நாளில், சுவரில் ஒட்டியிருந்த மாதிரி வரைபடத்தின் அருகே போய் நின்று, “இந்த ஃபில்டரை மாத்த நான் எங்க நிக்கணும்?” என்று கேட்டார். வரைபடத்தில் வடிகட்டி உட்கூரைக்கு மேலே, பிள்ளைகளின் மேசைகளுக்கு நேராக இருந்தது. ஏணி போட்டு மாற்றிக்கொள்ளலாமே என்றார் ஒரு பொறியாளர். “ஏணி போடணும்னா வகுப்பை வெளியே அனுப்பணும். வகுப்பு நடக்குற நேரம்தான் எனக்கு வேலை நேரம். அப்ப வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாத்துவேன்” என்றார் அவர். அதற்குப் பிறகுதான், வகுப்பறைக்குள் நுழையாமல் நடைபாதையிலிருந்தோ இயந்திர அறையிலிருந்தோ வடிகட்டியை மாற்ற முடிய வேண்டும் என்ற விதி பிறந்தது. வடிகட்டியின் தரத்தைப் பற்றி நாங்கள் எழுதிய மற்ற எல்லா விதிகளையும்விட இது அதிகமாகக் காற்றைச் சுத்தம் செய்திருக்கும் என்று நம்புகிறேன். பெரிய அமைப்பின் தொழில்நுட்பக் குழுக்களுக்கு உறுப்பினர் தேர்வு செய்யும் விதிமுறையைப் படித்தேன். அதில் கேட்கப்படும் தொழிற்தகுதிகளின்படி அவர் விண்ணப்பிக்கவே முடியாது. பராமரிப்புப் பணியாளர்களுக்கு இரண்டு, வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்கு இரண்டு, பள்ளிச் செவிலியருக்கு ஒன்று என வாக்குரிமையுள்ள இடங்களை ஒதுக்காத எந்தக் குழுவும் நான் மேலே கேட்ட மூன்றில் இரண்டு பங்கைத் தருவதற்குத் தகுதியுடையதன்று.

நாமும் தவறியிருக்கிறோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். 1999இல் கலிஃபோர்னியாவில் வெளியான ஓர் ஆய்வு, பகல் வெளிச்சம் மிகுதியாகக் கிடைக்கும் வகுப்பறைகளில் பிள்ளைகளின் கணக்கும் வாசிப்பும் குறிப்பிடத்தக்க அளவு வேகமாக முன்னேறியதாகச் சொன்னபோது, எங்களைப் போன்றவர்கள் அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு, கண்ணாடியைப் பெரிதாக்குவதே கல்விப்பணி என்பது போலப் பேசினோம். அதே ஆய்வாளர்கள் 2003இல் வேறொரு பள்ளி மாவட்டத்தில் மீண்டும் பார்த்தபோது அந்தத் தொடர்பு அதே வடிவில் கிடைக்கவில்லை. கண் கூச்சமும் சத்தமும் கற்றலைக் கெடுப்பதும், சன்னல் வழியே தெரியும் நல்ல காட்சி உதவுவதும்தான் மேலெழுந்து வந்தன. அதன் பிறகே எங்கள் பகல் வெளிச்ச விதியில் வெயில் மறைப்பும் கரும்பலகைமேல் விழும் கூச்சத்தின் அளவும் இடம்பெற்றன. பள்ளிகளை மட்டுமே கவனித்துக்கொண்டிருக்கும் ஒரு குழு இருந்ததால்தான் இந்தத் திருத்தம் நடந்தது. கட்டட வகைகள் பலவற்றையும் ஒருங்கே மேய்க்கும் குழுவில், வகுப்பறைக் கரும்பலகை எத்தனையாவது நிகழ்ச்சி நிரலில் வரும் என்று எண்ணிப் பாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே பதிவு செய்துவிட்ட பள்ளிகள், தாம் பதிவு செய்த பதிப்பின்படியும் கட்டணத்தின்படியுமே முடிக்க அனுமதிக்கப்பட வேண்டும். பள்ளிக் கட்டடம் ஒன்று வரைபடத்திலிருந்து சாவி கைமாறும்வரை நான்கைந்து ஆண்டுகள் எடுப்பது சாதாரணம். கட்டணத்தைத் தரைப்பரப்பின் அடிப்படையில் மட்டும் கணக்கிட வேண்டாம்; விளையாட்டு அரங்கும் உணவுக்கூடமும் வைத்திருக்கும் பள்ளி பரப்பில் பெரியது, பணத்தில் சிறியது. அளவுகோல் ஆவணம் இன்று இருப்பதைப் போலவே யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியதாக இருக்கட்டும். சான்றிதழுக்கே விண்ணப்பிக்காமல், அந்த ஆவணத்தை மட்டும் எடுத்துக் கட்டடக் கலைஞரிடம் கொடுத்து இப்படிக் கட்டித் தாருங்கள் என்று கேட்ட பள்ளிகள் பல. அவை நம் கணக்கில் வருவதில்லை என்பதற்காக அவற்றை இழப்பது சரியன்று.

பெயரைப் பற்றிப் பலர் உணர்ச்சிவசப்படுகிறார்கள். எனக்கு அதில் பிடிவாதம் இல்லை. வேறு பெயரில், வேறு பலகையில், வேறு நிறத்தில் சான்றிதழ் வந்தாலும் அதன் பின்னால் இயந்திரம் ஓடும்போது அளந்த ஒலி இருக்குமானால் எனக்குப் போதும்.

இரு நிர்வாகக் குழுக்களும் இணைப்பின்மீது வாக்களிப்பதற்கு முன், நான் குறிப்பிட்ட அந்த ஒரு வரி எந்தெந்த நிபந்தனைகளைக் குறிக்கிறது, அவற்றில் எவை கட்டாயமாக நீடிக்கும், எவை புள்ளிகளாக மாறும் என்பதை இரண்டு பத்திகளாகப் பிரித்து உறுப்பினர்கள் அனைவருக்கும் அனுப்ப வேண்டுகிறேன். அத்தோடு, இரு குழுக்களிலிருந்தும் இருவர் வீதம் ஒரு பள்ளி நாள் முழுவதும் வகுப்பறை ஒன்றில் அமர்ந்திருக்க முன்வந்தால், ஆசிரியர்களின் இசைவைப் பெறும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஒலி அளவியையும் காற்று அளவியையும் நானே கொண்டுவருவேன். பின் வரிசையில் நான்கு நாற்காலிகள் வேண்டும். அங்கிருந்துதான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
அளவுகோல் குழுவின் முன்னாள் உறுப்பினர் ஒருவர்